கழிவுநீர்க் குட்டையில் சேறு மேடு தட்டிவிட்டது: எப்படி எடுப்பது, எங்கே போடுவது?

கிழங்குக்காடு | மார்ச் 4

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தூர் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய சேகோ ஆலை இருக்கிறது, மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுப்பது. அப்பா தொடங்கியது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கிழங்கு கழுவுகிற தண்ணீர், மாவுத் தொட்டியில் வடிக்கிற தண்ணீர் எல்லாம் பின்னால் இருக்கும் குட்டைக்குத்தான் போகும். குட்டை 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், வெட்டும்போது 3 மீட்டர் ஆழம். வெட்டி 11 வருடம் ஆகிறது. ஒரு முறைகூடத் தூர் வாரவில்லை.

இந்த சீசனில் உள்ளே போகிற தண்ணீர் போன வேகத்திலேயே மறுபக்கம் கருப்பாக வழிகிறது. நாற்றம் தாங்கவில்லை என்று ஊர்க்காரர்கள் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான், எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார முடியவில்லை. கிழங்கு வரத்து இந்த மாதக் கடைசியோடு முடியும். ஆலை நிற்கும்போது சேற்றை எடுத்துவிட வேண்டும்.

ஒரு ஒப்பந்தக்காரரைக் கேட்டேன். "தண்ணியை ஓடையில திறந்து விட்ரலாம், நாலு ஆளை இறக்கி ஓரத்தைத் தள்ளிவிட்டா ஜேசிபி அள்ளிரும், ஏரிக்கரையில கொட்டிரலாம், மூணு நாள் வேலை" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஏரித் தண்ணீரில்தான் எங்கள் காடும் பாய்கிறது. முறையாகச் செய்ய என்ன வழி?

பழைய ஓவர்சியர் | மார்ச் 4

தம்பி, ஓடையில் திறப்பது, ஆளை இறக்குவது, ஏரிக்கரையில் கொட்டுவது, இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். முப்பது வருடம் கழிவுநீர்ப் பண்ணைகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எதைச் செய்வதற்கும் முன்னால் சேறு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். செலவில்லாத வழி ஒன்று உண்டு. நான்கு மீட்டர் மூங்கில் கழியில் அடியிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்துக்கு வெள்ளைத் துண்டை இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். பூத்துவாலை மாதிரி சொரசொரப்பான துணியாக இருக்க வேண்டும். கழியை நேராக, மெதுவாக, தரையைத் தொடும்வரை இறக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்படியே மேலே இழுங்கள். சேறு இருந்த உயரம்வரை துணியில் கருப்பாகப் பிடித்திருக்கும், அதற்கு மேல் வெறும் ஈரம். கோடு தெளிவாகத் தெரியும். தண்ணீர் வருகிற பக்கம், நடு, வெளியேறுகிற பக்கம் என்று கட்டம் போட்டு இருபது, இருபத்தைந்து இடத்தில் அளந்து குறியுங்கள்.

பரிசலில் இரண்டு பேர் போகலாம். உயிர்காப்பு உடுப்பு போட்டுக்கொண்டு, இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை கரையில் இருக்கிறவர் கையில் இருக்க வேண்டும். பீடி, சிகரெட் கூடாது, குட்டையில் கொப்புளிக்கிறது மீத்தேன்.

சேறு மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் வாரியே ஆக வேண்டும் என்பது இந்த வகைக் குட்டைகளுக்கு உள்ள கணக்கு.

தலைவாசல் விவசாயி | மார்ச் 5

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எங்கள் பக்கத்தில் குட்டைச் சேற்றை அப்படியே வயலுக்கு அடித்திருக்கிறோம். கிழங்குக் கழிவுதானே, மண்ணுக்கு நல்லது. வண்டி வாடகை கொடுத்தால் நானே எடுத்துக்கொள்கிறேன்.

மண்மதி | மார்ச் 5

அண்ணா, உங்கள் வயலில் நல்லபடியாக வந்திருக்கலாம். ஆனால் அதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டாம். மண் ஆய்வகத்தில் வேலை செய்வதால் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

புதுச் சேற்றில் சிதையாத மாவுச்சத்து நிறைய இருக்கும். அது மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும். பெருகத் தழைச்சத்து வேண்டும், அதை மண்ணிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். பயிர் வெளுத்துப் போகும். பூச்சியா, நோயா என்று தெரியாமல் மருந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். காற்றே படாமல் கிடந்த சேற்றில் சல்பைடு வேறு இருக்கும், இளம் வேருக்கு ஆகாது.

கிழங்குக்காடு, உங்களிடம் இரண்டு கேள்வி. ஒன்று, மாவு வெளுக்க அமிலமோ பிளீச்சிங்கோ எப்போதாவது போட்டதுண்டா? இரண்டு, அந்தக் குட்டைக்கு ஆலைத் தண்ணீர் தவிர வேறு ஏதாவது வருகிறதா? ஒளிக்காமல் சொல்லுங்கள், பரிசோதனைப் பட்டியல் இதைப் பொறுத்துத்தான்.

கிழங்குக்காடு | மார்ச் 9

நேற்று அளந்தோம். மொத்தம் 24 இடம். தண்ணீர் வருகிற மூலையில் 1.7 மீட்டர் சேறு, நடுவில் ஒரு மீட்டர் சொச்சம், வெளியேறும் பக்கம் 0.6. சராசரி 1.1 வருகிறது. மேலே தண்ணீர் நிற்பதால் இவ்வளவு நாள் தெரியவே இல்லை.

மண்மதி கேட்டதற்குப் பதில். ஏழெட்டு வருடம் முன்புவரை வெளுக்க கந்தக அமிலமும் பிளீச்சிங்கும் போட்டார்கள், நான் வந்த பிறகு நிறுத்திவிட்டேன். அப்புறம், ஆலையில் தங்கி வேலை செய்கிற குடும்பங்களின் கழிப்பறைக் குழாயும் அதே குட்டையில்தான் விடப்பட்டிருக்கிறது. பழைய ஏற்பாடு. இதை எழுதவே சங்கடமாக இருக்கிறது.

பழைய ஓவர்சியர் | மார்ச் 9

எழுதியது நல்லது தம்பி. அது தெரியாமல் ஆலோசனை சொல்லியிருந்தால் எல்லோரும் தப்பாகச் சொல்லியிருப்போம்.

கணக்குப் போடுவோம். கரைச் சரிவைக் கழித்தால் சேறு கிடக்கும் பரப்பு சுமார் 900 சதுர மீட்டர். 1.1 மீட்டரால் பெருக்கினால் ஏறக்குறைய ஆயிரம் கன மீட்டர். நம் ஊர் அளவில், நூறு கன அடி ஒரு யூனிட் என்றால், 350 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் கிட்டத்தட்ட 118 நடை. மூன்று நாளில் முடிப்பேன் என்றவர் இதை அளக்கவே இல்லை.

அந்த 118 நடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். சேற்றில் கெட்டிப் பொருள் நூற்றுக்கு 8 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காய வைத்து அதை 40 ஆக்கினால் அளவு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 118 நடை 25 நடைக்குள் வந்துவிடும். அதனால் முதலில் காய வைப்பது, பிறகுதான் ஏற்றுவது.

மண்மதி | மார்ச் 10

கழிப்பறைத் தண்ணீர் கலந்தால் குடற்புழு முட்டைகளைப் பார்த்தே ஆக வேண்டும். உருண்டைப் புழுவின் முட்டை சேற்றில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரில் மிதக்காமல் அடியில் படிவதால், சேற்றில்தான் அது குவியும். விவசாயத்துக்குப் போடும் கசடில், காய்ந்த எடைக்கு ஒரு கிராமில் ஒரு முட்டைக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி. வெறுமனே குவித்து வைத்தால், நம் ஊர் வெப்பத்தில்கூட ஒரு வருடத்துக்கு மேல் வைக்கச் சொல்கிறது.

மாதிரி எடுப்பது இப்படி: தண்ணீர் வரும் மூலையில் ஐந்தாறு இடத்தில் எடுத்துக் கலந்து ஒன்று. கழிப்பறைக் குழாய் விழும் இடத்தில் தனியாக ஒன்று. மீதி இடங்களில் எடுத்துக் கலந்து ஒன்று. மூன்றையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அமில காரத் தன்மை, உப்புத் தன்மை, கெட்டிப் பொருள், கரிமச் சத்து, தழைச்சத்து, கன உலோகங்கள், சயனைடு எல்லாம் பாருங்கள். மரவள்ளியில் இயல்பாகவே சயனைடு சேர்மம் உண்டு, பெரும்பாலும் சிதைந்துபோயிருக்கும். என்றாலும் பார்த்துவிடுவது நிம்மதி.

உலோகத்துக்கு ஒப்பிட, 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கழிவு உரத்துக்குச் சொன்ன வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50, ஈயம் 100, செம்பு 300, துத்தநாகம் 1000.

வெள்ளக்கோவில் சாயம் | மார்ச் 10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சாயப்பட்டறைக் கழிவுச் சேற்றுக்கும் இதே முறை சரியா?

மண்மதி | மார்ச் 10

கிடையவே கிடையாது. ரசாயனம் போட்டுச் சுத்திகரித்து வருகிற சேறு 2016 அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வரும். ஆலையில் 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. ஏற்றும்போது ஒவ்வொரு நடைக்கும் படிவம் உண்டு. கும்மிடிப்பூண்டி மாதிரி அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கோ, அனுமதி பெற்ற சிமென்ட் ஆலைச் சூளைக்கோதான் போக வேண்டும். வயல், உரக்குழி என்ற பேச்சே கூடாது.

லாங்பூம் | மார்ச் 11

இருபது வருடமாக எந்திரம் ஓட்டுகிறேன். குட்டைச் சேறு பற்றிப் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு வேலையில் தண்ணீரை வடித்து ஒரு மாதம் வெயிலில் விட்டிருந்தார்கள். மேலே பாளம் பாளமாக வெடித்திருந்தது, நடந்துபோய்ப் பார்த்தோம், தாங்கியது. எந்திரத்தை இறக்கினேன். பத்தடி போனதும் ஒரு பக்கச் சங்கிலி முழுக உள்ளே போய்விட்டது. மேலே ஒரு சாண் ஓடுதான் காய்ந்திருக்கிறது, அடியில் கூழ். நான் கதவைத் திறந்து பலகைமேல் குதித்து வந்தேன். எந்திரத்தை இழுக்க இரண்டு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து சேற்றுக்குள் எந்திரத்தை இறக்குவதில்லை, கரையில் நின்றே நீளக் கை எந்திரத்தால் எடுப்பேன்.

உங்கள் குட்டைக்கு இரண்டு வேலையாகப் பிரிக்கலாம். தண்ணீர் வரும் மூலையில் இருப்பது கிழங்கு மண்ணும் தோலுமாக இருக்கும், பம்பு இழுக்காது. அங்கே கரையிலிருந்து நீளக் கை எட்டும். மீதி இடத்தில் தண்ணீரை வடிக்கவே வேண்டாம். மிதவையில் சேற்றுப் பம்பைக் கட்டி, கயிற்றால் இங்கும் அங்கும் இழுத்து, சேற்றைக் குழாய் வழியாக உலர்படுகைக்கு, அதாவது பரப்பிக் காய வைக்கும் பாத்திக்கு, அனுப்பலாம். படுகையில் வடிகிற தண்ணீர் திரும்பக் குட்டைக்கே வரட்டும். ஓடையில் விடுகிற பிரச்சினையே இல்லை. ஆள் யாரும் உள்ளே இறங்க வேண்டியதும் இல்லை.

குட்டையின் அடியில் தண்ணீர் இறங்காத பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் தரையைச் சுரண்ட வேண்டாம். கடைசி அரை அடியை விட்டுவிடுங்கள். அந்தக் களிப்படலம்தான் தண்ணீர் பக்கத்துக் கிணறுகளுக்கு இறங்காமல் தடுத்துக்கொண்டிருக்கிறது.

கரைமேல் | மார்ச் 11

நான் இந்த இழையை அந்த "நாலு ஆளை இறக்கி" என்ற வார்த்தைக்காகத்தான் திறந்தேன். என் சின்ன மாமா அப்படி ஒரு தொட்டியில் இறங்கியவர். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, தூக்கிவிடப் போன இவரும் வரவில்லை. காப்பாற்றப் போகிறவர்தான் இரண்டாவது ஆளாகச் சாகிறார் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கந்தக அமிலம் போட்டதாகச் சொன்னீர்கள். அந்தக் கந்தகம் குட்டையை விட்டுப் போயிருக்காது. காற்றில்லாத சேற்றில் அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறும், சேறு கருப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சேறு சும்மா கிடக்கும்வரை வாயு உள்ளே அடங்கியிருக்கும். கிளறினால் ஒரே மூச்சில் வெளியே வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் நூறு பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) அளவைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நேரம்தான் உயிர் போகிற நேரம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தண்ணீர் வடித்த மூன்று மீட்டர்ப் பள்ளத்தில் அடியிலேயே தங்கும், மேலே வானம் திறந்திருந்தாலும். வாயு அளக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்கும். பம்பு ஓடும்போது கரையில் நிற்பவர் சட்டையில் அது மாட்டியிருக்க வேண்டும். காற்று வரும் திசையில் நில்லுங்கள்.

சட்டமும் சொல்கிறேன். ஆபத்தான வாயு இருக்கும் இடத்தில் ஆளை அனுப்புவது பற்றித் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 36 தெளிவாகப் பேசியது. சாக்கடை, மலக்குழியில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடை செய்கிறது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. முப்பது லட்சத்துக்கு மாமா வரமாட்டார்.

இன்னொன்று. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். ஈரச் சேறு மண் மாதிரி குவிந்து நிற்காது, தண்ணீர் மாதிரி தள்ளும். நீங்கள் படுகைக்குக் கரை போடும்போது, அதன் தாழ்வான பக்கத்தில் யாருடைய வீடும், படுக்கையும் இருக்கக் கூடாது. குடும்பங்கள் தங்குவதாகச் சொன்னீர்களே, அதனால் கேட்கிறேன், அந்த வீடுகள் எந்தப் பக்கம்?

கிழங்குக்காடு | மார்ச் 12

படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. வீடுகள் தெற்கே, மேட்டில் இருக்கின்றன. படுகையை வடக்கே, தாழ்வான தரிசில் போடலாம் என்று இருக்கிறேன். ஒப்பந்தக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழிப்பறைக் குழாயை இந்த வாரமே துண்டித்துத் தனி செப்டிக் டேங்க் கட்டுகிறோம்.

படுகைக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

பழைய ஓவர்சியர் | மார்ச் 12

ஒரு படுகையில் 25 சென்டிமீட்டருக்கு மேல் நிரப்பாதீர்கள், மேலே ஓடு கட்டி அடி காயாது. ஆயிரம் கன மீட்டரை அந்தக் கனத்தில் பரப்பினால் 4,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒரு ஏக்கர். அவ்வளவு இடம் வேண்டாம். 25 சென்ட்டில் படுகை கட்டி நான்கு முறை நிரப்பிக் காய வைக்கலாம். சித்திரை வெயிலில் ஒரு முறைக்கு 10 முதல் 15 நாள்.

அடியில் களிமண்ணை நன்றாக இடித்து, வடிகால் நோக்கிச் சரிவு கொடுங்கள். துளையிட்ட குழாய், அதன்மேல் ஒரு அடி ஜல்லி, அதன்மேல் அரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக மணல். படுகையை நான்காகத் தடுத்துக்கொண்டால் ஒன்று காயும்போது ஒன்றை நிரப்பலாம். மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு, என்ன செய்யப் போகிறீர்கள், சேறு எங்கே போகிறது என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

லாங்பூம் | மார்ச் 13

ஐயா கணக்கு சரி, ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பம்பு சேற்றை மட்டும் இழுக்காது, தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். குட்டையில் ஆயிரமாக இருப்பது படுகைக்கு ஆயிரத்து ஐந்நூறாக வந்து சேரும். ஆறு முறைக்குத் தயாராக இருங்கள்.

புதுவரவு | மார்ச் 14

இவ்வளவு வேலைக்குப் பதிலாக நுண்ணுயிர்ப் பொடி போட்டால் சேறு கரைந்துவிடும் என்று விற்கிறார்களே?

பழைய ஓவர்சியர் | மார்ச் 14

கரிமப் பொருளைக் கொஞ்சம் சிதைக்கலாம். ஆனால் அந்த வேலையைச் செய்கிற நுண்ணுயிர் குட்டையிலேயே கோடிக்கணக்கில் இருக்கிறது. மண்ணையும் மணலையும் எந்தப் பொடியும் தின்னாது. சேகோ குட்டை நிரம்பக் காரணமே கிழங்கோடு வருகிற மண்ணும் தோலும், பிடிபடாமல் போகிற திப்பியும் (மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை) மாவும்தான். அந்தக் காசில் கழுவும் இடத்தில் ஒரு மண்பிடி தொட்டியும் சல்லடையும் போடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை அதை வாரினால், 11 வருடத்தில் வந்த சேறு அடுத்து வர எவ்வளவோ காலம் ஆகும்.

கோழிப்பண்ணை நாமக்கல் | மார்ச் 15

காய்ந்த சேற்றை மக்க வைக்க நம்மிடம் பொருள் இருக்கிறது. உங்கள் சேற்றில் கரி அதிகம், தழைச்சத்து குறைவு. கோழி எருவில் நேர்மாறு. இரண்டையும் கலந்து, காற்றோட்டத்துக்குப் பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவையோ கிழங்குக் குச்சியை நறுக்கியோ சேர்த்தால் நன்றாகச் சூடேறும். கையில் எடுத்துப் பிழிந்தால் விரல் இடுக்கில் நீர் கசிய வேண்டும், சொட்டக் கூடாது.

நீளக் குவியலாகப் போட்டு, நடுவில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். வெளியே இருப்பது உள்ளே போகாவிட்டால் புழு முட்டை சாகாது.

கிழங்குக்காடு | ஜூன் 21

நடந்ததைச் சொல்கிறேன். உலோகங்கள் மூன்று மாதிரியிலும் வரம்புக்குள் இருந்தன. சயனைடு பொருட்படுத்த வேண்டிய அளவில் இல்லை. கழிப்பறைக் குழாய் மூலையில் புழு முட்டைகள் இருந்தன. அந்தப் பகுதியைத் தனிப் படுகையில் எடுத்து, வேலி போட்டுத் தார்ப்பாய் மூடி வைத்திருக்கிறோம். ஒன்றரை வருடம் அதைத் தொடுவதாக இல்லை.

மீதியை ஏப்ரல் 8 முதல் பம்பு செய்தோம். முதல் முறை 12 நாளில் காய்ந்து, மண்வெட்டிக்குப் பாளமாக வந்தது. நான்காவது முறை கோடை மழையில் மாட்டி மூன்று வாரம் இழுத்தது. ஐந்து முறைதான் முடிந்தது. வெளியேறும் பக்கம் ஒரு அடிக்குச் சேறு இன்னும் இருக்கிறது, அடுத்த கோடையில் எடுப்போம். ஒரு நாள் பம்பை நடுப்பகுதிக்கு இழுத்தபோது வாயுக் கருவி கத்தியது. எல்லோரும் மேட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் போனோம். கரைமேல் அவர்களே, அந்தக் கருவி இல்லாமல் இந்த வேலையைத் தொட்டிருக்கவே கூடாது என்று அன்றுதான் உறைத்தது.

தலைவாசல் விவசாயி | ஜூன் 22

மக்கியதும் எனக்கு இரண்டு நடை வேண்டும். போன வருடம் என் சோளம் வெளுத்ததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது.

கிழங்குக்காடு | செப்டம்பர் 12

உரம் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வந்துவிட்டது. புழு முட்டை தென்படவில்லை, உப்பு கொஞ்சம் கூடுதல். தென்னைக்கும் கரையோர வேம்புக்கும் மட்டும் வைக்கிறோம், காய்கறிக்கு இல்லை. தலைவாசல் அண்ணாவுக்குச் சோளக்காட்டுக்கு ஒரு நடை கொடுத்தேன், அளவோடுதான் போடுவேன் என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டார்.

மண்பிடி தொட்டி கட்டியாயிற்று. சோதனை ஓட்டத்துக்கு வந்த முதல் இரண்டு லோடு கிழங்குக்கே அதில் முழங்கால் அளவு மண் நின்றது. இத்தனை வருடம் அவ்வளவும் குட்டைக்குப் போயிருக்கிறது. துண்டு கட்டிய கழி ஆலை அலுவலகத்தில் சாத்தியிருக்கிறது. சீசன் தொடங்குமுன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை அளந்து நோட்டில் எழுதுகிறோம். நேற்று அளந்தது: வரும் மூலை 0.2, நடு 0.2, வெளியேறும் பக்கம் 0.3.

பழைய ஓவர்சியர் | செப்டம்பர் 12

அளந்த இடங்களுக்கு நேராகக் கரையில் கல் நட்டு எண் எழுதிவையுங்கள் தம்பி. அடுத்த முறை வேறு யார் அளந்தாலும் அதே இடத்தில் கழியை இறக்க வேண்டும்.